கம்பம் முதல் குமுளி வரை கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள்: ஒரு மதிப்பீடு

தமிழக-கேரள எல்லையை ஒட்டிய கம்பம், கூடலூர், குமுளி ஆகிய ஊர்களில் எந்த மருந்துக் கடையிலும், பேதியில் இழந்த நீரை ஈடுசெய்யக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) கேட்டால் மூன்று விதமான பொருள்களில் ஒன்று கைக்கு வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பெரிய பொட்டலம் ஒன்று. 200 மில்லி தண்ணீரில் கரைக்க வேண்டிய சிறிய பொட்டலம் மற்றொன்று. ஏற்கெனவே கரைத்து, பழச்சுவை சேர்த்து, உறிஞ்சுகுழலோடு அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கப்படுவது மூன்றாவது. இவை தவிர, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றித் தரப்படும் அரசுப் பொட்டலமும் உண்டு. கோடை தொடங்குவதற்கு முன் வீட்டில் வாங்கி வைக்க எது தகுந்தது என்று கேட்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு 200 மில்லிப் பொட்டலமே மேலானது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அரசுப் பொட்டலமே போதும். அட்டைப் பெட்டியை அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

சுவையையும் விலையையும் பார்த்து எடுத்த முடிவன்று இது. சிறுகுடலின் உட்பரப்பில் வரிசையாக நிற்கும் செல்களின் சவ்வு எதை உள்ளே விடும், எதை விடாது, எதனோடு எதைச் சேர்த்து விடும் என்பதைப் பார்த்து எடுத்தது. ஓ.ஆர்.எஸ். என்பது அந்தச் சவ்வுக்காகவே அளந்து செய்யப்பட்ட பொருள் என்பதால், அதை மதிப்பிடும் அளவுகோலும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

முதலில் பொட்டலத்தின் பின்புறத்தைப் பார்ப்போம். நான்கே பொருள்கள்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-ஆம் ஆண்டு அறிவித்த கலவை இதுதான். சுவையூட்டி சேர்த்த தயாரிப்புகளில் பொட்டலத்தின் எடை ஒரு கிராம் போலக் கூடியிருக்கும்; அதனால் தீங்கில்லை. இதை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) என்ற கணக்கில் அமையும். ஐந்தையும் கூட்டினால் மொத்தக் கரைபொருள் அளவு 245 வரும். இந்த 245 என்ற எண்ணையும், சோடியமும் குளுக்கோஸும் சரிசமமாக 75 என்று நிற்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், கடை மேசையில் எந்தப் பெட்டி வந்தாலும் யார் துணையும் இன்றி எடை போட்டுவிடலாம்.

செல் சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்த, ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய படலம். அந்த மூலக்கூறுகளின் தலைப்பகுதி தண்ணீரை நாடும். வால்பகுதி தண்ணீரை விலக்கும். தலைகள் இரு புறமும் வெளியே பார்த்து நிற்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கி நிற்பதால், சவ்வின் நடுப்பகுதி கொழுப்பாகவே இருக்கிறது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற மின்சுமையற்ற சிறு மூலக்கூறுகள் அந்தக் கொழுப்பில் கரைந்து, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தாமாகவே பரவிவிடுகின்றன. சோடியம் அயனிக்கு அது இயலாது. மின்சுமை இருப்பதால் கொழுப்பு அடுக்கு அதை உள்ளே விடாது. குளுக்கோஸுக்கும் இயலாது, அது அளவில் பெரியது, தண்ணீரை நாடும் குணமும் உடையது. இவை கடக்க வேண்டுமானால் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களின் துணை வேண்டும். தண்ணீருக்கே கூடப் பல செல்களில் தனி வழி இருக்கிறது. அக்வாபோரின் எனப்படும் அந்த நீர்க்கால்வாய்ப் புரதத்தைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுகுடல் செல்லின் குடற்பக்கச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. நம் பொட்டலத்தின் கதை முழுவதும் இந்த ஒரு புரதத்தைச் சுற்றியே நடக்கிறது. இது சோடியத்தைத் தனியாகவும் ஏற்றாது, குளுக்கோஸைத் தனியாகவும் ஏற்றாது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் வந்து அமர்ந்த பிறகுதான் வடிவம் மாறி, மூன்றையும் ஒருசேர உள்ளே இறக்கிவிடும். விடியற்காலையில் கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப், கணக்குக்கு ஆள் சேராமல் நகராது என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் புரதமும் அப்படித்தான். வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் குளுக்கோஸ் இல்லாமல் நிற்கும். வெறும் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் சோடியம் போதாமல் நிற்கும்.

உள்ளே வந்த சோடியம் அங்கேயே தங்கிவிட்டால் அடுத்த நடை நடக்காது. செல்லின் மறுபுறத்தில், அதாவது இரத்தத்தை நோக்கிய சவ்வில், சோடியம் பொட்டாசியம் பம்பு இடைவிடாமல் வேலை செய்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைக் கண்டறிந்து, 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இந்தப் பம்பு ஓடிக்கொண்டிருப்பதால் செல்லுக்குள் சோடியத்தின் செறிவு எப்போதும் குறைவாகவே இருக்கும்; குடல் பக்கத்துச் சோடியம் உள்ளே பாய்வதற்குத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பாய்ச்சலின் வேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் குளுக்கோஸ், தன் செறிவு கூடுதலாக உள்ள இடத்துக்குள்ளேயும் ஏறிவிடுகிறது. பிறகு ஜி.எல்.யு.டி.2 என்ற வேறொரு புரதத்தின் வழியாக, ஆற்றல் எதுவும் செலவாகாமல், இரத்தப் பக்கம் இறங்குகிறது. பிளஸ் ஒன் பாடத்தில் செயல்மிகு கடத்தல், எளிதாக்கப்பட்ட பரவல், சவ்வூடு பரவல் என்று தனித்தனியாக வரும் மூன்றும் ஒரே செல்லுக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தேர்வுக்காக மூன்றுக்கு இரண்டு என்று மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு, வீட்டு அலமாரியில் இருக்கும் பொட்டலத்தை ஒருமுறை காட்டினால் போதும் என்பது ஆசிரியன் என்ற முறையில் என் எண்ணம்.

சோடியமும் குளுக்கோஸும், அவற்றைத் தொடர்ந்து குளோரைடும் இரத்தப் பக்கம் சேரச் சேர, கரைபொருள் குறைந்த குடல் பக்கத்திலிருந்து தண்ணீர் செல்கள் வழியாகவும் செல்களின் இடைவெளி வழியாகவும் பின்தொடர்ந்து போகிறது. உடம்புக்கு வேண்டியது இந்தத் தண்ணீர்தான். உப்பும் குளுக்கோஸும் அதை அழைத்துப் போவதற்கு மட்டுமே பொட்டலத்தில் இருக்கின்றன. குளுக்கோஸ் இருப்பதால் தெம்பு வரும் என்று கடையில் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரு லிட்டரில் 13.5 கிராம் என்பது தெம்புக்கான அளவன்று.

நன்றாக இருக்கும் நாளிலும் நம் குடலுக்குள் எட்டு ஒன்பது லிட்டர் திரவம் வந்து போகிறது. அதில் நாம் குடிப்பது இரண்டு லிட்டர் அளவுதான். மிச்சம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே சுரந்துகொள்வது. அத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது 100 அல்லது 200 மில்லி மட்டுமே. இந்தக் கணக்கு தவறும்போதுதான் வயிற்றுப்போக்கு வருகிறது. காலராவில் கிருமியின் நச்சு, குடல் செல்லின் குளோரைடு வாயிலைத் திறந்த நிலையிலேயே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் அதன் பின்னே கொட்டுகின்றன. கடுமையான நோயில் ஒரு பெரியவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழப்பு ஏற்படலாம். வியப்பு என்னவென்றால், இத்தனைக்கு நடுவிலும் எஸ்.ஜி.எல்.டி.1 கெடாமல் நிற்கிறது. திறந்த வாயிலை ஓ.ஆர்.எஸ். மூடுவதில்லை, பேதியை நிறுத்துவதும் இல்லை. வெளியேறும் தண்ணீருக்கு ஈடாக வேறொரு வாயில் வழியாகத் தண்ணீரை உள்ளே சேர்க்கிறது, அவ்வளவுதான். "ரெண்டு டம்ளர் குடுத்தோம், இன்னும் நிக்கலையே" என்று பொட்டலத்தின் மேல் குறை சொல்பவர்கள், அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே கடக்கின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் இராபர்ட் கிரேன் 1960-இல் பிராகு நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் முன்வைத்தார். அந்தக் கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று லான்செட் மருத்துவ இதழ் 1978-இல் தலையங்கம் எழுதியது. இடைப்பட்ட காலத்தில் அது நிரூபணமான இடமும் ஓர் எல்லை ஊர்தான். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவ, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. 2022-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் பயன்படுத்திய பைகார்பனேட், ஈரக் காற்றுள்ள நாடுகளில் குளுக்கோஸோடு சேர்ந்து நிறம் மாறி வீணாகியது என்பதால் 1980-களில் சிட்ரேட்டுக்கு இடம் விட்டது. குமுளியின் மழைக்காலத்தில் பொட்டலத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

பழைய கலவையில் சோடியம் 90, குளுக்கோஸ் 111, மொத்தம் 311 என்று இருந்தது. அது இரத்தத்தின் அளவான ஏறத்தாழ 290-ஐவிடச் சற்று அடர்த்தி. 2002-இல் அதை 245-க்கு இறக்கியதால் குடலில் இருக்கும் கரைசல் இரத்தத்தைவிட நீர்த்ததாகி, தண்ணீர் உடம்பை நோக்கிப் போவது எளிதாயிற்று. குழந்தைகளுக்கு வாந்தியும் நரம்பில் திரவம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தன. இன்றும் வேறு அளவுகளில் பொடி விற்பதைக் காணலாம் என்பதால், பொட்டலத்தில் 245 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி அட்டைப் பெட்டிகளுக்கு வருகிறேன். இவற்றில் இரண்டு இனங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மேற்சொன்ன கலவையையே 200 மில்லியாகக் கரைத்து அடைத்தது. மருந்தாக உரிமம் பெற்றது. விலை கூடுதல் என்பதைத் தவிர அதன் மீது எனக்குக் குறையில்லை. பயணத்தின்போது, கொதித்து ஆறிய தண்ணீர் கிடைக்காத இடத்தில், அது மிகவும் பயன்படும். மற்றது, பெயரிலும் தோற்றத்திலும் அதைப் போலவே இருந்து, உள்ளே சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானமாக இருப்பது. ஆப்பிள் படமோ ஆரஞ்சுப் படமோ பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இத்தகைய பானத்தில் சர்க்கரை கலவையின் அளவைவிடப் பல மடங்கு இருக்கும். சோடியம் மிகக் குறைவாக இருக்கும். சர்க்கரை மிகுந்த பழச்சாறுகளின் மொத்தக் கரைபொருள் 600-க்கும் மேலே போகும். அதைப் பேதியாகும் குழந்தைக்குக் கொடுத்தால், குடல் பக்கம் அடர்த்தி கூடி, தண்ணீர் இரத்தத்திலிருந்து குடலுக்குத் திரும்பும், பேதி மிகும். அந்தக் குழந்தைக்கு அதைக் கொடுப்பதைவிட வெறும் தண்ணீர் கொடுப்பதே மேல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத எந்த உணவுப் பொருளும் தன் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. அதற்கு முன், சிறிய எழுத்தில் ஒரு மறுப்பு வாசகத்தை அச்சிட்டுவிட்டால் போதும் என்ற சலுகை இருந்தது; அதுவும் விலக்கப்பட்டது. ஆணை வந்துவிட்டது என்பதற்காகக் கடை அலமாரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெயர் மாறினாலும் பெட்டி அதே இடத்தில்தான் அடுக்கப்படுகிறது, கேட்பவர் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் கை பழக்கத்தில் அந்தப் பக்கமே போகிறது.

கடைக்குப் போகாமலே சமாளிக்கலாம் என்று சொல்பவர்களின் மூன்று பொருள்களையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். குமுளிப் பக்கம் கரிக்கு என்று விற்கும் இளநீர் அருமையான பானம். அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். வெயிலில் வேர்த்துக் களைத்தவருக்கு ஏற்றது. பேதியில் சோடியம் இழந்தவருக்கு அதை மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், அதாவது கேரள வீடுகளில் கொடுக்கும் கஞ்சிவெள்ளம், நான் அறிந்த வீட்டு வைத்தியங்களில் அறிவியலுக்கு மிக அருகில் நிற்பது. அரிசி மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாக உடைந்து குளுக்கோஸாகிறது. மூலக்கூறு பெரிது என்பதால் கரைபொருள் எண்ணிக்கையைக் கூட்டாமலே குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வங்கதேசத்தில் அரிசி சார்ந்த ஓ.ஆர்.எஸ். ஆராய்ந்து பார்க்கப்பட்டு, காலராவில் நல்ல பயன் தந்தது. பொட்டலம் கைக்கு வரும் வரை உப்பிட்ட கஞ்சியைக் கொடுத்துக்கொண்டிருங்கள். மூன்றாவது, ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கும் முறை. அவசரத்துக்கு உதவும், பொட்டாசியமும் சிட்ரேட்டும் அதில் இல்லை. உப்பைக் குவித்துப் போட்டுவிட்டால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததும் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட வேண்டும்.

இப்போது பெரிய பொட்டலத்தின் மீதான என் முக்கியமான குறைக்கு வருகிறேன். கலவையில் குறையில்லை, குறை அளவில் இருக்கிறது. நம் வீடுகளில் தண்ணீர் சொம்பிலும் டம்ளரிலும்தான் அளக்கப்படுகிறது. ஒரு லிட்டர் என்று சரியாகக் காட்டும் பாத்திரம் பெரும்பாலான அடுப்படிகளில் இல்லை. அழுகிற குழந்தைக்கு ஒரு லிட்டர் எதற்கு என்று நினைத்து, பொட்டலம் முழுவதையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். 200 மில்லியில் கரைத்தால் 245 என்ற எண் 1225 ஆகிறது. சோடியம் 375 ஆகிறது. அரை லிட்டரில் கரைத்தாலே சோடியம் 150 ஆகி, இரத்தத்தில் இருக்கும் அளவான 140-ஐத் தாண்டிவிடுகிறது. நீர்ச்சத்தைச் சேர்க்க வேண்டிய மருந்து, நீரை இழுக்கும் உப்பாக மாறிப்போகும். மறுபுறம், ஒரே பொட்டலத்தை இரண்டு லிட்டரில் கரைத்து வீடு முழுவதும் குடித்தால் சோடியம் 37 ஆகத் தேய்ந்து, பலன் குறைந்துவிடும். பொடியைக் கண்மதிப்பாகக் கால் பங்கு, அரைப் பங்கு என்று பிரித்துப் போடுவதும் சரியன்று. நான்கு பொருள்களும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிரித்த பொட்டலம் மலைக்காற்றின் ஈரத்தை வாங்கி மறுநாளே கட்டியாகிவிடும்.

சிறிய பொட்டலத்தை நான் உயர்த்திச் சொல்வது இதனால்தான். 200 மில்லி என்பது ஒரு பெரிய டம்ளர். பால்புட்டியின் கோடுகளால் அளந்துவிடலாம். ஒரு வேளைக்குக் கரைத்து, தீர்ந்ததும் அடுத்ததைப் பிரிக்கலாம். லிட்டர் கணக்கில் பார்த்தால் விலை கூடும். ஆனால் கரைத்து 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்ட வேண்டும் என்பதால், பெரிய பொட்டலத்தில் குழந்தை குடித்ததைவிடக் கொட்டியது அதிகம் என்று ஆகும் வீடுகளில் அந்தக் கூடுதல் விலை திரும்பி வந்துவிடுகிறது. பெரிய பொட்டலம்தான் கையில் இருக்கிறது என்றால், தண்ணீர் வாங்கிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை நன்றாகக் கழுவி, கழுத்து வரை ஆறிய தண்ணீர் ஊற்றி அதில் கரைப்பதே நம்பத்தகுந்த அளவு. குமுளி உணவகங்களில் கிடைக்கும், பதிமுகக் கட்டை போட்டுக் கொதித்த சிவந்த தண்ணீரில் வேண்டாம். பாலிலும் பழச்சாற்றிலும் குளிர்பானத்திலும் கண்டிப்பாக வேண்டாம். கரைத்த பிறகு கொதிக்க வைக்கவும் கூடாது.

அச்சு குறித்தும் ஒரு சொல். எல்லையின் இரு பக்கமும் நான் வாங்கிப் பார்த்த தனியார் பொட்டலங்களில் கரைக்கும் முறை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. நான்கு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் தாய், ஒரு லிட்டர் என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்? பொட்டலத்தின் முகப்பில் ஒரு புட்டியின் படமும் "1 லிட்டர்" என்ற பெரிய எழுத்தும் இருந்தால் மேலே சொன்ன பிழைகளில் பாதி குறையும். ஆரஞ்சு மணம், எலுமிச்சை மணம் என்று சுவைகளுக்குச் செலவிடும் அக்கறையில் சிறு பங்கு இதற்குப் போதும். சுவையைப் பற்றிக் கேட்டால், மணமூட்டாததையே நான் விரும்புகிறேன். நீர் வற்றிய உடம்புக்கு அந்தக் கரிப்பு இனிக்கவே செய்யும், தேறத் தேறத்தான் பிடிக்காமல் போகும். குழந்தை முகம் சுளிக்கிறது என்றால் மணமுள்ளதை வாங்குவதில் தவறில்லை. குடிக்காத மருந்தால் என்ன பயன்.

கொடுக்கும் முறையில் அவசரம் கூடாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பின்னும் 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் விரும்பும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவ நிலையத்தில் வாங்கினால் பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் 14 நாளைக்குத் தருகிறார்கள். பேதி நின்ற பிறகும் அதை முழுவதும் கொடுக்க வேண்டும். தனியார் கடையில் பொடியை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது அரசுப் பொட்டலத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுக்க இன்னொரு காரணம்.

இடையில் ஒரு செய்தி: அதே கடையின் சர்க்கரை நோய் அலமாரியில் இருக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள், எஸ்.ஜி.எல்.டி.1-இன் உடன்பிறப்பான எஸ்.ஜி.எல்.டி.2-ஐச் சிறுநீரகத்தில் தடுப்பவை. அங்கே கடத்தி நின்றால் குளுக்கோஸ் சிறுநீரோடு வெளியேறும். கூடவே தண்ணீரும் போகும். அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தியும் பேதியும் வந்தால், ஓ.ஆர்.எஸ். தொடங்குவதோடு, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரை அன்றே கேட்டுவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதய நோய்க்காக உப்பைக் குறைத்தவர்களும் கேட்காமல் லிட்டர் கணக்கில் குடிக்கக் கூடாது. மிக அரிதாக, பிறவியிலேயே எஸ்.ஜி.எல்.டி.1 செயல்படாத குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாள்களிலேயே கடும் பேதி தொடங்கும் அவர்களுக்கு இந்தப் பொட்டலம் உதவாது, பேதியைக் கூட்டவே செய்யும்.

வெயிலுக்குப் பருகும் பானமாக இதை நாள்தோறும் குடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோட்ட வேலைக்கும் சபரிமலை நடைக்கும் மோரும் உப்பிட்ட கஞ்சியும் போதும். வாங்கும்போது பொட்டலத்தை விரலால் நெருடிப் பார்த்து, பொடி உதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டியாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலாவதித் தேதி மிச்சமிருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். குழந்தை கண் குழிந்து துவண்டு கிடந்தாலும், குடிக்க முடியாமல் போனாலும், மலத்தில் இரத்தம் இருந்தாலும், சிறுநீர் நின்றுபோனாலும் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்காமல் கம்பம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய்விட வேண்டும். உடம்பு கடுமையாக வற்றிய நிலையில் குடலின் வழி காத்திருக்க நேரமில்லை, நரம்பின் வழியாகத்தான் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். போகும் வழியில், குழந்தையால் விழுங்க முடிகிறது என்றால், கரைத்து வைத்ததைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போகலாம்.